மேலே எதைப் போடுவது

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் நேராகச் சாதியைக் கேட்பதில்லை. கட்-ஆஃப் கேட்பார்கள். கட்-ஆஃப், கல்லூரி, பிரிவு ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் மிச்சத்தை அவர்களே கழித்துக்கொள்வார்கள். இந்த மார்க்குக்கு அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடைத்திருக்கிறதென்றால் எந்த வழியாக உள்ளே போயிருப்பாள் என்று கணக்குப் போடத் தெரியாத ஆள் கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம் வரை கிடையாது.

நான் படித்து முடித்து, திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் பார்ட்ஸ் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்னமும் கேட்கிறார்கள். மறந்துபோச்சு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அவர்கள் யாரும் மறந்ததில்லை. அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். கட்-ஆஃபைச் சொன்ன ஆளிடம் கல்லூரியைச் சொல்வதில்லை. கல்லூரி தெரிந்த ஆளிடம் கட்-ஆஃபைச் சொல்வதில்லை. யாரிடம் எதைச் சொன்னேன் என்பதை மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

நான் பட்டியல் சாதி. அதை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த வரிசையில் சீட் வாங்கினேன் என்பதை மட்டும் இங்கேயும் எழுதப்போவதில்லை. பொதுவில் வாங்கினேன் என்றால், 'பாருங்க, இவளுக்கே தேவைப்படல, அப்புறம் எதுக்கு?' என்பார்கள். ஒதுக்கீட்டில் வாங்கினேன் என்றால், 'அதானே பார்த்தேன்' என்பார்கள். இரண்டுக்குமே பதில் தயாராக இருக்கிற இடத்தில் நான் ஏன் கேள்வியை நிரப்பித் தர வேண்டும்?

கீழ்க்கட்டளையில் நாங்கள் வாங்கிய வீடு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் முதல் மாடியில் இருக்கிறது. அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணமும் என் சம்பளத்தின் மேல் எடுத்த லோனும் சேர்ந்து வாங்கியது. புரோக்கர் மூலமாக வந்ததால் அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கு நேர் கீழே ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அதிகாரி. அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. ஒரே பெண், அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவர்களுக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. இதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அங்கிள் தினமும் சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"நூத்துக்கு அறுபத்தொன்பது சீட் கோட்டாவுல போயிடுது. மிச்சம் இருக்கிற முப்பத்தொண்ணுலதான் நம்ம பசங்க அடிச்சுக்கணும்."

"அந்த முப்பத்தொண்ணு நமக்குன்னு யார் அங்கிள் சொன்னா? அது எல்லாருக்கும் பொது," என்றான் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்த சாஃப்ட்வேர் பையன். யாரையாவது சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"அதைத்தான் நானும் சொல்றேன். அங்கேயும் வந்து உக்காந்துடறாங்க."

"மார்க் இருந்தா உக்காருவாங்க. மார்க் இல்லாம உக்காந்தா தப்புங்கறீங்க, மார்க்கோட உக்காந்தாலும் தப்பா?"

"நீ சின்னப் பையன், உனக்குப் புரியாது. வசதி இல்லாதவனுக்குக் கொடு, நான் வேணாம்னா சொல்றேன்? ஏழையான்னு பாரு. சாதியை எதுக்குப் பார்க்கணும்?"

"போன மாசம் மேல் ஃபிளாட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தப்ப மட்டும் ஏழையான்னா பார்த்தீங்க? என்ன ஆளுங்கன்னுதானே கேட்டீங்க? அது எந்த கோட்டா அங்கிள்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார். பிறகு பேச்சு தண்ணி லாரிக்கு மாறியது. நான் குப்பைக் கூடையோடு அவர்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். என்னைப் பார்த்து யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்பதற்கு அதுதான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டேன். தெரிந்தேதான் பேசுகிறார்களோ என்ற சந்தேகமும் படியேறும்போதே வந்துவிட்டது.

சந்தேகப்படுவது என் வேலையின் ஒரு பகுதி. ஒரு தட்டு அளவுக்குச் சரியாக இல்லை என்று அளவு பார்க்கும் கேஜ் காட்டினால், தட்டை ஒதுக்குவதற்கு முன்னால் கேஜை எடுத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த கேஜ் நல்ல தட்டையும் கழித்துவிடும், கெட்டதையும் விட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். மார்க்கைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இது ஞாபகம் வரும். இரண்டு டியூஷனும் தனி அறையும் உள்ள வீட்டில் எடுத்த மார்க்கையும், அப்பா பம்ப் ஹவுஸில் இரவு ஷிஃப்ட் பார்த்த வீட்டில் எடுத்த மார்க்கையும் ஒரே கேஜால் அளக்கிறோம். ஆனால் ஒதுக்கீட்டு வரிசைகளும் முழுக்கச் சரியென்று நான் சொல்லமாட்டேன். என் பெரியப்பா குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியது. அதே தெரு, அதே ரத்தம், அதே குழாயடி. சர்ச்சுக்குப் போன பிறகு அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் பட்டியல் சாதியிலேயே இருக்கிறோம். தெருக்காரர்கள் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் பார்த்ததில்லை. இதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் சொல்ல முடியாது. சொன்னால் முதல் கேள்வி, 'உனக்கு எப்படித் தெரியும்?'

இன்ஜினியரிங் கவுன்சலிங் தொடங்கியபோது கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே வந்தார். பெண்ணுக்கு சாய்ஸ் லிஸ்ட் போட உதவ வேண்டும் என்றார். ஆன்லைனில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் தனக்குப் பிடித்த வரிசையில் அடுக்கி, கடைசியில் பூட்ட வேண்டும். அதற்கான ஓடிபி அங்கிளின் போனுக்கு வரும். 'நீதான் இன்ஜினியர், எங்களுக்கு இதெல்லாம் புரியல' என்றவர், படியிறங்கப் போனவர் திரும்பி, "உன் கட்-ஆஃப் எவ்வளவும்மா அப்போ?" என்றார்.

"அப்போ வேற கணக்கு ஆன்ட்டி. இப்ப பார்த்தா குழப்பம்தான் வரும்," என்றேன்.

இதற்காகத்தான் வந்தாரோ என்று அன்று முழுக்க யோசித்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். கட்டடத்தின் மோட்டார் ஸ்விட்ச் கெட்டுப்போனபோது எலெக்ட்ரீஷியனிடம் 'இதுக்குள்ள என்ன அண்ணா இருக்கு, திறந்து காட்டுங்க' என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். அவளுக்கு ஈசிஇ, அதாவது எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு, வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் ஒரு பழைய கல்லூரிதான் முதல் ஆசை. அது இல்லையென்றால் தாம்பரத்திலிருந்து ரயிலில் போகக்கூடிய இன்னொன்று. அங்கிளுக்கு வேறு ஒன்று மனதில் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில், தெருமுனைக்கே பஸ் அனுப்பும் ஒரு தனியார் கல்லூரி. அது எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் ஈசிஇ-க்கு லேப் கூட உருப்படியாக இல்லையென்று அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

"பிடிச்சதை மேல போடு. கிடைக்கும்னு நினைக்கிறதைக் கீழ போடு," என்றேன். "கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில ஒவ்வொருத்தரையா எடுக்கும். உன் லிஸ்டை மேலேருந்து பார்த்துட்டு வரும். எதுல இடம் இருக்கோ அங்க நிறுத்திடும். மேல இருக்கிறது கிடைக்கலைன்னா அடுத்ததுக்குப் போகும். ஆசைப்பட்டதுக்காக எதையும் பிடுங்காது."

"ஆசைப்பட்டதுக்குத் திட்டாத ஒரே ஆள் இந்த வீட்ல கம்ப்யூட்டர்தான் போல," என்று அவள் முணுமுணுத்தாள்.

நகரத்துக் கல்லூரி மேலே, ரயில் கல்லூரி அதற்கடுத்து, நடுவில் இன்னும் சில, அங்கிளின் கல்லூரி கிட்டத்தட்ட அடியில். போன வருடம் எதில் கட்-ஆஃப் எங்கே நின்றது என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துத்தான் அடுக்கினோம். அங்கிள் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது திறந்திருந்த கதவு வழியாக என் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, இன்னும் முடியலியா? உங்கம்மா மீனைக் கழுவி வெச்சிகினு உன்னைத்தான் தேடிகினு கீறா."

"வாங்க சார், உக்காருங்க," என்றார் அங்கிள். பேப்பரை மடித்தார். "பக்கத்துல இருந்தும் பேசினதே இல்ல. சொந்த ஊர் எது சார்?"

"ஊரா? இதான் சார் ஊரு. பல்லாவரம்."

"பல்லாவரத்துல எந்தப் பக்கம்?"

இது கட்-ஆஃபுக்கு அடுத்த கேள்வி. நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். அப்பா எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். எந்தத் தயக்கமும் இல்லாமல், தபால்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பொறந்ததே அங்கதான் சார். கன்டோன்மென்ட்ல பம்ப் ஆபரேட்டரா இருந்தேன். பொண்ணு படிச்சி இந்த வூடு வாங்குற வரிக்கும் அங்கதான் இருந்தோம்."

அந்தப் பெயர் தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அங்கிள் "ஓ, அப்படியா" என்றார். ஆன்ட்டி காபி கொண்டுவந்தார். எனக்கு முன்பு கொடுத்த அதே எவர்சில்வர் டம்ளர்தான். அப்பாவுக்கும் அதேதான். பார்த்தேன். பார்த்ததற்காக என்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினால், கேட்டருகே அங்கிள் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. தாம்பரத்துல என் ஃபிரெண்டு ஒருத்தர் அட்மிஷன் கன்சல்டன்டா இருக்கார். கிடைக்கிறதைத்தான் மேல போடணும்கிறார். கிடைக்காததை மேல போட்டா நம்ம டர்ன் அதுலயே போயிடுமாம். அதுக்குள்ள மத்தவங்க கீழ இருக்கிறதை எடுத்துடுவாங்களாம்."

"டர்ன் போகாது அங்கிள். மேல இல்லைன்னா அதே நேரத்துலயே கீழ பார்க்கும். கவுன்சலிங் வெப்சைட்லயே விளக்கம் இருக்கு." போனில் எடுத்துக் காட்டினேன்.

அவர் படித்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "ரூல்ல எழுதறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு. உங்களுக்குத் தெரியாததா?"

அதுவரை என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். மரியாதை திடீரென்று கூடியிருக்க முடியாது. அவர் என்னோடு சேர்த்து வேறு பலரையும் அந்தக் கேட்டில் நிறுத்தி வைத்திருந்தார்.

"எதைச் சொல்றீங்க அங்கிள்?"

"ஒண்ணுமில்லம்மா. அவங்கவங்களுக்கு அவங்கவங்க ஆளுங்க முன்னுக்கு வரணும்னு இருக்கும்ல. அதை நான் தப்பு சொல்லமாட்டேன்."

அவருடைய பெண் சீட் இழப்பதால் என் ஆட்களுக்கு எப்படி லாபம் வரும் என்று கேட்டிருக்கலாம். அவள் பொது வரிசையில் மட்டும்தான் இருக்கிறாள். ஒதுக்கீட்டு இடங்களுக்கும் அவளுடைய லிஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை. கேட்கவில்லை. நான் விளக்க விளக்க, இவள் ஏன் இவ்வளவு அக்கறையாக விளக்குகிறாள் என்ற சந்தேகம்தான் அவருக்கு ஏறும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "உங்க இஷ்டம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

அவர் ஓடிபி கொடுக்கவில்லை. தெருமுனைக்கு பஸ் அனுப்பும் கல்லூரியை முதலில் வைத்த பிறகுதான் கொடுத்தார். பூட்டியாகிவிட்டது என்று அந்தப் பெண் படிக்கட்டில் பார்த்தபோது சொன்னாள். அழுதிருந்தாள். என் அப்பா அந்தத் தெருப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் மாற்றியிருக்க மாட்டாரா? கன்சல்டன்ட் சொன்னதால் எப்படியும் மாற்றியிருப்பாரா? இரண்டுக்கும் என்னிடம் காரணங்கள் இருந்தன. எதையும் அடித்துவிட முடியவில்லை. இதுதான் இந்த மாதிரி விஷயத்தில் மிகவும் களைப்பான பகுதி. ஒருவர் நம்மை நடத்துவதில் எவ்வளவு அவருடைய அறியாமை, எவ்வளவு நம் சாதி என்று பிரித்து அளக்க எந்தக் கேஜும் கிடையாது.

முதல் சுற்று முடிவு வந்தது. போட்ட முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது என்று அங்கிள் எல்லா வீட்டுக்கும் மைசூர்பாக் கொடுத்தார். எங்களுக்கும் வந்தது. இரண்டு நாள்கூட அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. மேடவாக்கத்தில் இருக்கும் அவருடைய ஆபீஸ் நண்பரின் பையனுக்கு, இவளைவிடக் குறைந்த கட்-ஆஃபில், அந்த நகரத்துக் கல்லூரியிலேயே ஈசிஇ கிடைத்திருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அன்று குரல் பெரிதாக இருந்தது. "எல்லாம் கோட்டா பண்ற வேலை. நல்ல காலேஜ்ல எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் பொண்ணு பஸ் காலேஜுக்குப் போறா." மேடவாக்கத்துப் பையனும் அங்கிளைப் போலவே ஒதுக்கீடு இல்லாத வகையறாதான் என்பது கூட அந்தப் பேச்சைத் தடுக்கவில்லை. அவனுக்கு 'எப்படியோ' கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்றே அந்தப் பெண் மேலே வந்தாள். கையில் போன்.

"கீழ அப்பா சொல்றது நிஜமா அக்கா? கோட்டாவாலதான் போச்சா?"

யார் அனுப்பி வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் யோசித்தேன். "போனை அந்த டேபிள் மேல வை," என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் வைத்தாள். கீழே யாரும் கேட்கும்படி போன் கால் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

எந்த இடம் யாருக்குப் போனது என்று கவுன்சலிங் வெப்சைட்டில் எல்லாரும் பார்க்கும்படிதான் போட்டிருந்தார்கள். காட்டினேன். அந்தக் கல்லூரி ஈசிஇ-யில் பொது இடங்களில் கடைசியாகப் போனது, அவள் ரேங்குக்குப் பின்னால் இருந்த ஒருவனுக்கு. அவன்தான் மேடவாக்கத்துப் பையன்.

"அப்போ என் டர்ன் வந்தப்ப அங்க இடம் இருந்துச்சு."

"இருந்துச்சு. உன் லிஸ்ட்ல முதல்ல இருந்தது வேற. கம்ப்யூட்டர் அதைக் கொடுத்துட்டு நின்னுடுச்சு. முதல் சாய்ஸே கிடைச்சுட்டதால மேல நகரவும் வழியில்ல."

மறுநாள் சாயங்காலத்துக்குள் அவள் அந்த பஸ் கல்லூரி சீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். அடுத்த சுற்றில் அவள் ரேங்குக்கு அவள்தான் முன்வரிசை. ஆனால் மிச்சம் இருப்பதில்தான் கைவைக்க முடியும். நகரத்துக் கல்லூரி போய்விட்டது. ரயில் கல்லூரியில் கொஞ்சம் இருந்தது. விட்டதை யாராவது எடுப்பார்கள், எடுத்ததை யாராவது விடுவார்கள். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க அக்கா. கீழ வந்து, 'கிடைச்ச சீட்டையே வெச்சுக்கோங்க'ன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா போதும், உடனே வேணாம்னுடுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் என் உண்மையான கருத்தே அதுதான். கையில் இருக்கும் சீட்டை விட எனக்குத் துணிவு வந்திருக்காது. எங்கள் வீட்டில் கிடைத்த ஒன்றை விட்டுப் பார்க்கும் வசதி யாருக்கும் இருந்ததில்லை. ஆக, நான் மனதறிந்து நல்லதைச் சொன்னாலும் அவர் அதைத் திருப்பிப் போடுவார். அவர் என்னை எப்படிப்பட்டவளாக நினைக்கிறாரோ அப்படிப்பட்டவளாக ஆக, நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"நான் வரமாட்டேன்," என்றேன். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். உன் சீட்டு. நீ போய்க் கேளு."

"கோவமா அக்கா?"

"இல்ல. நான் எந்தப் பக்கம் நின்னாலும் அவர் என்னைத்தான் பார்ப்பார். உன்னைப் பார்க்கமாட்டார்."

அவள் இறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்தவில்லை. கீழே அவர்கள் கதவும் திறந்தே இருந்தது.

"மேல என்ன சொன்னா?" அங்கிளின் குரல்.

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா? எடுத்துக்கச் சொன்னாளா, விடச் சொன்னாளா?"

"உன் சீட்டு, நீயே முடிவு பண்ணுன்னாங்க."

எதிர்ப்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

"அதையே நீங்களும் ஒரு தடவை அவகிட்ட கேளுங்களேன்," என்றார் ஆன்ட்டி.

"என்னடி பண்ணணும்ங்கிறே?" என்று மகளிடம் கேட்டார்.

"விட்டுடலாம்பா. இந்தத் தடவை லிஸ்ட் நான் போடறேன்."

"அதுவும் கிடைக்காம போனா?"

"போனா நான் போட்டது போச்சுன்னு இருக்கும்."

அங்கிள் ஓடிபியைக் கொடுத்தார்.

அடுத்த சுற்றில் அவளுக்கு ரயில் கல்லூரியில் ஈசிஇ கிடைத்தது. நகரத்துக் கல்லூரி கடைசிவரை திறக்கவில்லை. முடிவு வந்த சாயங்காலம் நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அங்கிள் வழக்கமான நாற்காலியில் இருந்தார். அந்தப் பெண் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, ஏதோ கிடைச்சுது," என்று அவர் இரண்டாவது மாடிப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த காலேஜ் கிடைச்சிருக்க வேண்டியது. கோட்டா இல்லாம இருந்தா…"

"கோட்டா இல்லப்பா," என்றாள் அவள், பம்ப்பை நிறுத்தாமல். "முதல் ரவுண்டுல என் டர்ன் வந்தப்ப அங்க நமக்கு இடம் இருந்துச்சு. நம்ம லிஸ்ட்லதான் அது மேல இல்ல."

அங்கிள் மகளைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி நேராக என் பால்கனியைப் பார்த்தார்.

உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. கொடியில் இன்னும் நாலைந்து துணி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.